வேப்பங்காப்பு – 14: ஒரு தலையாட்டல்

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் மேசைமேல் இருந்த காகிதத்தின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. தமிழ்மதியும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் அவள் கையிலிருந்து எடுத்த ரத்தம் என்ன சொன்னது என்று அதில்தான் இருந்தது.

டாக்டர் கிளாரா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்ன டாக்டரம்மா, எம்புட்டு நேரம் படிக்கிறீங்க? நல்ல சேதிதானே?" என்றாள் சண்முகவள்ளி. தமிழ்மதியின் மாமியார். அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. ஆஸ்பத்திரி முடிந்ததும் வளையல் வாங்கப் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்மதிக்கு வளைகாப்பு. திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் ஒரு வாரமாக வேறு பேச்சில்லை, நிம்மதியும் இல்லை. கண்ணாடி வளையலுக்கு முன்னால் வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பாகப் போடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். கணவரை இழந்த சண்முகவள்ளி ஒதுங்கி நின்றுவிடுவாள். அதனால் அந்த முதல் காப்பைப் பெற்ற தாய் பேச்சாயிதான் போடவேண்டும். பேச்சாயியோ தன் ஊர் எரியோட்டிலிருந்து போன் செய்து, "எனக்குக் கை நடுக்கம் மதினி, வேற யாராச்சும் போடட்டும்" என்று சொல்லிவிட்டாள். சண்முகவள்ளிக்கு அன்றிலிருந்து முகம் சரியில்லை. சம்பந்தி தன்னை மதிக்கவில்லை என்றே நினைத்திருந்தாள். உண்மைக் காரணம் அந்த வீட்டில் தமிழ்மதி ஒருத்திக்குத்தான் தெரியும்.

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"ரத்தத்துல எதிர்ப்பு இருக்கு."

"எதிர்ப்புன்னா?"

"உங்க மருமகளுக்கு நெகட்டிவ் ரத்தம். உங்க மகனுக்கு பாசிட்டிவ். பிள்ளைக்கு அப்பாவோட ரத்தம் வந்திருந்தா, தாயோட உடம்பு அதை வெளியாளா நினைக்கும். தோட்டத்து நாய் மாதிரின்னு வெச்சுக்கோங்க. முதல் தடவை ஒருத்தர் உள்ளே வந்தா சும்மா மோந்து பார்க்கும். ஆனா ஞாபகம் வெச்சுக்கும். அடுத்த தடவை அதே சாடையில ஒருத்தர் வந்தா, விடாது."

"விடாதுன்னா?" சண்முகவள்ளியின் குரல் சற்று இறங்கியது.

"பிள்ளையோட ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும். வயித்துக்குள்ளயே பிள்ளை வெளுத்துப்போகும். பிறந்ததும் மஞ்சளாயிடும். கடுமையாச்சுன்னா..."

மஞ்சள் என்ற சொல் தமிழ்மதியின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை. இது முதல் பிள்ளைதானே? முதல்னு சொன்னதாலதான் இந்தச் சோதனைக்கு மூணாம் மாசமே அவசரப்படலை. ஏழாம் மாசம் பார்த்துக்கலாம்னு விட்டேன். முதல் பிள்ளையில இப்படி வர்றது அபூர்வம். தமிழ்மதி, இதுக்கு முன்னால தங்கிக் கலைஞ்சிருக்கா? ரெண்டு மாசம்னாலும் சொல்லணும்."

தமிழ்மதி வாயைத் திறப்பதற்குள் சண்முகவள்ளி சிரித்துவிட்டாள்.

"நல்லாக் கேட்டீங்க டாக்டரம்மா. போன மாசிக்கு முந்தின மாசி கல்யாணம். அன்னிலேர்ந்து இவ என் வீட்டுலதான் இருக்கா. எனக்குத் தெரியாம இவளுக்கு ஒரு தலைவலி வந்திருக்குமா?"

"ரத்தம் எப்பவாச்சும் ஏத்தியிருக்காங்களா?"

"அதெல்லாம் இல்ல."

டாக்டர் பேனாவை மேசையில் தட்டினார். "அப்ப இன்னொரு வழிதான். நெகட்டிவ் தாய்மாருக்குன்னு ஒரு ஊசி இருக்கு. இந்த எதிர்ப்பு வராம தடுக்கிற ஊசி. இந்தச் சோதனையைப் பார்த்துட்டுப் போடலாம்னு நான் இருந்தேன். அதுக்குள்ள வேற எங்கயாச்சும் அதைப் போட்டுட்டாங்களா? போட்டிருந்தா, அந்த ஊசி மருந்தே ரத்தத்துல இப்படிக் காட்டும். அதனால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

சண்முகவள்ளியின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. "போட்டாங்கள்ல. கோயில் கும்பிடுக்கு அவ அம்மா ஊருக்குப் போனப்ப. ரெண்டு வாரம் இருக்குமா? கை வீங்கிப் போச்சுன்னு வந்தா. நான்தானே ஒத்தடம் குடுத்தேன். சொல்லேன் புள்ள."

அது ரணஜன்னி வராமல் தடுக்கும் டி.டி. ஊசி. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் போடுவது. போட்ட நர்ஸ் வாய்விட்டுச் சொல்லித்தான் போட்டாள். தமிழ்மதிக்கு அது நன்றாக நினைவிருந்தது. அந்த அறையின் மருந்து வாசனைகூட நினைவிருந்தது.

"அது இந்த ஊசியா தமிழ்மதி? யோசிச்சுச் சொல்லுங்க."

தமிழ்மதி யோசித்தாள். யோசித்ததெல்லாம் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரின் சிரித்த முகத்தைப் பற்றித்தான். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள்.

தலையை ஆட்டினாள்.

அது தானாக ஆடியது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவள்தான் ஆட்டினாள்.

டாக்டர் உடனே சமாதானமாகிவிடவில்லை. "அங்க கேட்டு, எந்த ஊசின்னு உறுதிப்படுத்திட்டு, சாயங்காலத்துக்குள்ள எனக்கு போன் பண்ணிச் சொல்லணும். அதுதான்னா கவலை இல்ல. இல்லைன்னா உடனே மதுரைக்குப் போகணும். பிள்ளை தலையில ரத்தம் ஓடுற வேகத்தை ஸ்கேன்ல பார்ப்பாங்க. வெளுத்திருந்தா வயித்துல இருக்கும்போதே பிள்ளைக்கு ரத்தம் ஏத்த வழி இருக்கு. ஆனா நாளைக் கடத்தக்கூடாது. புரியுதா?"

"புரியுது" என்றாள் தமிழ்மதி. அதுவரை அந்த அறையில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே சொல் அதுதான்.

* * *

ஆட்டோவில் சண்முகவள்ளி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதாம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றியபோது முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாளாம்.

"யாரு முடி அத்த?" என்று கேட்டாள் தமிழ்மதி, ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"என் மகன் முடிதான். எனக்கென்ன, இருக்கிறதே நாலு முடி."

தமிழ்மதி சிரித்தாள்.

வெயில் தார்ச்சாலையில் தண்ணீர் போலத் தேங்கி நின்றது. அருகே போகப் போக அது நகர்ந்து போயிற்று. அப்படி ஒரு நீர்த்தேக்கம் தன் வாழ்க்கையிலும் எப்போதும் முன்னாலேயே இருந்து வந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் போனால் சரியாகிவிடும், இன்னும் கொஞ்சம் போனால் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

தமிழ்மதிக்குப் பிறகு பேச்சாயிக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. மூன்றும் பிறந்த சில நாட்களிலேயே மஞ்சள் பூத்துச் செத்துப்போயின. ஊர் அதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. பேச்சாயியின் பாலில் விஷம் என்றார்கள். சீமந்த வீடுகளில் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கூப்பிடாமல் இருப்பது மரியாதையாக இருக்கட்டும் என்று அவளே முந்திக்கொண்டு, தோட்டத்தில் முருங்கை பறிப்பு இருக்கிறது என்று சொல்லப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் தமிழ்மதியின் சோற்றுப் பாத்திரத்திலிருந்து ஒரு கை எடுத்துச் சாப்பிட்ட பிள்ளையை அதன் தாய் அடித்தாள். அன்றைக்குத்தான் தமிழ்மதி, தான் யார் மகள் என்பதை முடிந்த மட்டும் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்தபோது, "ஒரே பொண்ணு" என்றார் அவளுடைய அப்பா கருப்புசாமி. அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை, அவ்வளவுதான்.

கல்யாணமான வருஷம் ஆடிக்கு அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். புதுப்பெண்ணை ஆடியில் பிரித்து வைக்கும் வழக்கம். அப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. நிச்சயமாகத் தெரிந்த பிறகு நாகல் நகருக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். ஒரு நாள் விடியலில் வயிறு வலித்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வா, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்று பேச்சாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தமிழ்மதி போகவில்லை. "அங்க தெரிஞ்சா உன்னையத்தான்மா சொல்லுவாங்க. உனக்காகத்தான் வேணாங்கறேன்" என்றாள். பேச்சாயி கையை விட்டுவிட்டாள். அன்றைக்குப் போயிருந்தால் அந்த எதிர்ப்பைத் தடுக்கும் ஊசியைப் போட்டிருப்பார்கள் என்பது இப்போதுதான் தமிழ்மதிக்குப் புரிந்தது.

வளையல் கடையில் சண்முகவள்ளி பச்சையும் சிவப்புமாக வாங்கிக் குவித்தாள்.

"கை வீங்கியிருக்குப்பா, ஒரு சுத்து கூட்டியே குடு. போட்டா கழட்ட வரணும். பிள்ளை பிறந்தப்புறம் நர்ஸுங்க வெட்டுறேன்னு நிப்பாளுக."

"பேரனா பேத்தியாக்கா?" என்றார் கடைக்காரர்.

"எது வந்தாலும் உன் கடைக்குத்தான் காசு வரப்போகுது. உனக்கு என்ன அவசரம்?"

கடைக்காரர் சிரித்தார். தமிழ்மதி கண்ணாடி வளையல்களின் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய தலையாட்டலுக்கு அந்த ஓசை தாளம் போடுவது போலிருந்தது.

* * *

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு பேச்சாயி வந்து சேர்ந்தாள். எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வந்தவள் தலையில் முருங்கைக்காய்க் கட்டு, இடுப்பில் ஒரு பை. பையின் வாயில் வேப்பங்கொழுந்துகள் எட்டிப் பார்த்தன. யார் போட்டாலும் குச்சி தன் தோட்டத்து மரத்திலிருந்து இருக்கட்டும் என்று ஒடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வாங்க மதினி" என்று வரவேற்றாள் சண்முகவள்ளி. "கை நடுக்கம் எப்படி இருக்கு? இம்புட்டுப் பெரிய கட்டைத் தூக்கிட்டு வந்தப்ப நடுங்கலையாக்கும்."

பேச்சாயி கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். "தலையிலதானே மதினி தூக்குனேன்" என்றாள் மெதுவாக.

கீழே பாத்திரக் கடையிலிருந்து விக்னேஷ்குமார் சாப்பிட மாடிக்கு வந்தான். வந்ததும் தமிழ்மதியைத்தான் பார்த்தான். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

பதிலைச் சண்முகவள்ளி சொன்னாள். "என்னமோ எதிர்ப்பு கிதிர்ப்புன்னு ஒரு நிமிஷம் வயித்தைக் கலக்கிட்டாங்க அப்பு. அப்புறம் பார்த்தா ஊர்ல போட்ட ஊசியாம். அதுதான் அப்படிக் காட்டுதாம். ஒண்ணும் இல்ல. நீ சாப்பிடு, வெஞ்சனம் வைக்கட்டுமா?"

"அப்படியா தமிழு?"

அவன் கேட்ட விதத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. நிம்மதியை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் கேட்டான். தமிழ்மதி குழம்புக் கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றாள். இது இரண்டாவது பொய். முதலாவதைவிட இது சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உங்க மகனுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல அத்தை" என்று விக்னேஷ்குமார் பேச்சாயியிடம் தன்னைப் பற்றியே சொல்லிச் சிரித்தான். "மருமகன்னா மகன் மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க. கண்ணைப் பாருங்க, எப்படிச் சிவந்திருக்கு."

பேச்சாயி சிரிக்கவில்லை. அவள் தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் எந்த ஊசி போட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். பக்கத்தில் நின்றவள் அவள்தான்.

அவன் கடைக்கு இறங்கிப் போனான். சண்முகவள்ளி கூடத்தில் துணியை விரித்து, வளையல்களை டஜன் டஜனாக நூலில் கோக்க உட்கார்ந்தாள். சமையலறையில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க டாக்டர்? ஒண்ணு விடாமச் சொல்லு."

தமிழ்மதி சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் வைத்துச் சொன்னாள். நெகட்டிவ் ரத்தம், தோட்டத்து நாய், பிள்ளை வெளுத்துப்போவது, மஞ்சள். ஊசி என்று தலையாட்டியதையும் சொன்னாள்.

பேச்சாயி குழாயை மூடினாள்.

"மஞ்சள்னா சொன்னாங்க?"

"ஆமா."

"ரத்தத்தால வாறதா?"

"ஆமாம்மா. உனக்கும் நெகட்டிவாத்தான் இருக்கும். முதல்ல பிறந்த நான் பிழைச்சிட்டேன். அப்புறம் பிறந்ததுங்களுக்குத்தான்..."

பேச்சாயி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசியபோது குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

"என் பாலுன்னாங்களே."

தமிழ்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நடுப்பிள்ளைக்குப் பாலே குடுக்கலைடி நான். குடுக்கவிடலை. மாட்டுப்பாலைப் பஞ்சுல நனைச்சு வெச்சாங்க. எனக்கு மார் கட்டிக்கிட்டு உசுரு போச்சு. பீச்சிப் பீச்சி வேலி ஓரத்துல ஊத்துனேன். எறும்பு மொய்ச்சது. எறும்பு சாகலையேன்னு உக்காந்து பார்த்தேன்." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "அதுவும் மஞ்சளாத்தான் போச்சு. அப்பவும் என் பாலுன்னுதான் சொன்னாங்க. நானும் நம்புனேன்."

கூடத்தில் வளையல்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டது.

குழாயை மறுபடி திறந்துவிட்டு, "அம்மா" என்றாள் தமிழ்மதி. "ஆடியில நான் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன். உனக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு வேணாங்கறேன்னு."

"சொன்ன."

"அது பொய்ம்மா. உன்னைய மாதிரின்னு என்னைய யாரும் சொல்லிரக் கூடாதுன்னுதான்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் எரிந்தன. அம்மா அடித்தால் தேவலை என்றிருந்தது.

"தெரியும்" என்றாள் பேச்சாயி. "அப்பவே தெரியும். அதுக்குத்தானே கையை விட்டேன்."

தமிழ்மதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தன் அம்மாவின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டி தேய்ந்து மெலிந்து, கம்பி போலாகியிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததால் பாதம் வீங்கியிருந்தது. ஆடியிலிருந்து பத்து மாதமாக அம்மா அந்தக் கால்களோடு நடந்துகொண்டு, தெரிந்தும் தெரியாதவள் போல் இருந்திருக்கிறாள்.

"நட. போயி உன் மாமியாகிட்டச் சொல்லு."

"சாயங்காலம் அவரு வரட்டும். ரெண்டு பேருகிட்டயும் சேர்த்து..."

"உன் வயித்துல இருக்கிறது சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கேன்னு உன்கிட்டச் சொல்லிச்சா?"

"நீ சொல்லேன்மா."

"நான் சொன்னா அது உன்னையக் காப்பாத்தச் சொன்னதா ஆயிரும். நீ சொல்லு. நான் நிக்கிறேன்." பேச்சாயி குழாயை மறுபடி மூடினாள். "பின்னாடி இல்ல. பக்கத்துல."

* * *

சண்முகவள்ளி கோத்த வளையல்களைத் தரையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். இருவரும் வந்து நின்றதைப் பார்த்து, "என்ன ரெண்டு பேரும் பாட்டு வாத்தியார் முன்னால நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

தமிழ்மதி நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தாள். ஆடியில் நடந்ததை முதலில் சொன்னாள். பிறகு ஊசியை. பிறகு, அம்மாவுக்குப் பிறந்த மூன்றையும்.

சண்முகவள்ளி நூலை நிறுத்தவில்லை. வளையலைக் கோத்துக்கொண்டே இருந்தாள். அந்த டஜன் முடிந்து முடிச்சுப் போட்ட பிறகுதான் கேட்டாள்.

"அப்ப அந்த ஊசி?"

"ரணஜன்னி ஊசி அத்த."

"டாக்டர்கிட்ட நான் சொல்றப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே தலையாட்டுன."

தமிழ்மதி தரையில் இருந்த வளையல் வரிசையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாம ஒரு தலைவலி வந்திருக்குமான்னு அந்த அம்மாகிட்டப் பேசிட்டு வந்திருக்கேனே நான். என் மூஞ்சியை எங்க கொண்டுபோயி வைக்கிறது?" சண்முகவள்ளியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தமிழ்மதிக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். "பிள்ளை கலைஞ்சதைக்கூட வந்து சொல்ல முடியாத அளவுக்கா நான் இருந்திருக்கேன்? என் வீட்டுல?"

அந்தக் கேள்வி தமிழ்மதியைக் கேட்டதா, தன்னையே கேட்டுக்கொண்டதா என்று தெரியவில்லை.

சண்முகவள்ளி பேச்சாயி பக்கம் திரும்பினாள். "நீங்களும் நல்லா மறைச்சீங்க. கை நடுக்கமாம்."

"மூணு பிள்ளையைக் குழியில வைக்கக் குடுத்த கை மதினி" என்றாள் பேச்சாயி. "இதால எப்படி அவளுக்குக் காப்புப் போட?"

சண்முகவள்ளி அவளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு உதடு கோணியது. அழுகையா கோபமா என்று சொல்ல முடியாதபடி ஏதோ ஒன்று அந்த முகத்தில் வந்து போயிற்று.

"தாலி இல்லைன்னு நான் போடக்கூடாது. பிள்ளை போச்சுன்னு நீங்க போட மாட்டீங்க. அப்புறம் யாரைத்தான் கூப்பிடுறது, பஸ் ஸ்டாண்டுல போயி ஆள் பிடிச்சுட்டு வரவா?" மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஏ புள்ள, போனை எடு. டாக்டருக்குப் போடு. எல்லாம் நீயே சொல்லு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

டாக்டர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். தமிழ்மதி சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை.

"எத்தனை மாசத்துல கலைஞ்சுது?"

"ரெண்டரை இருக்கும் டாக்டர்."

"ஆஸ்பத்திரிக்கே போகலையா?"

"போகலை. அம்மா கூப்பிட்டாங்க. நான்தான் போகலை."

"சரி. இப்ப நான் கேக்குறதுக்குச் சரியாச் சொல்லுங்க. பிள்ளை அசைவு எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு டாக்டர். அந்த வாக்கியம் தயாராக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை மாதங்களாக யார் எதைக் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். அதை அவள் விழுங்கினாள். விழுங்கிய பிறகு, அது இருந்த இடத்தில் என்ன உண்மை இருக்கிறது என்று தேடினாள். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒரு உதை இருந்தது. அதற்கப்புறம்? ஆட்டோவில்? வளையல் கடையில்? சாப்பிடும்போது? அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்ன நினைப்பார்கள் என்பதையே பகல் முழுவதும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியல டாக்டர்" என்றாள். "காலையிலேர்ந்து நான் கவனிக்கவே இல்ல."

"நாளைக்கு வேணாம். இப்பவே மதுரைக்குக் கிளம்புங்க. நான் அங்க பேசி வெக்கிறேன். கார்ல இடது பக்கமாச் சாஞ்சுக்கோங்க. அசைவு இருந்தா எனக்குச் சொல்லுங்க. இல்லைன்னாலும் சொல்லுங்க."

* * *

விக்னேஷ்குமாரைக் கீழே போய்க் கூட்டி வந்தது சண்முகவள்ளிதான். படியேறும்போதே சொல்லியிருக்க வேண்டும். அவன் வாசலில் வந்து நின்றபோது முகத்தில் மதியம் இருந்தது எதுவும் இல்லை.

"என்கிட்டயுமா?" என்றான்.

தமிழ்மதிக்கு அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் துணிவில்லை. அவன் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. போனை எடுத்து வாடகைக் காருக்குச் சொன்னான். சட்டையை மாற்றிக்கொள்ளாமல், கடைத் தூசியோடு முன் இருக்கையில் போய் உட்கார்ந்தான்.

பின் இருக்கையில் சண்முகவள்ளி முதலில் ஏறினாள். தமிழ்மதி ஏறி இடது பக்கம் சாய்ந்தாள். பேச்சாயி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"நான் பஸ்ஸுல வாரேன் மதினி. உங்களுக்கு நெருக்கமா இருக்கும்."

"ஏறுங்க மதினி. பையையும் எடுத்துக்கிட்டு ஏறுங்க."

"எந்தப் பை?"

"வேப்பங்குச்சி வெச்சிருந்தீங்கள்ல, அந்தப் பை."

கார் ஊரைத் தாண்டியது. இடதுபுறம் சிறுமலை நீலமாக ஓடிவந்தது. சண்முகவள்ளி பையிலிருந்து ஒரு குச்சியை உருவி, சம்பந்தியின் மடியில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அது பாட்டுக்கு வரட்டும். இப்பப் போடுங்க."

"மதினி..."

"உங்க பாலுல ஒண்ணும் இல்லை, ரத்தத்துலன்னு சமையல்கட்டுல பேசுனது எனக்கும் கேட்டுச்சு. செத்த நேரம் குழாயை மூடுனீங்க பாருங்க, அப்ப. ஆனா ஆடி விசயம் கேக்கலை. போடுங்க."

பேச்சாயி இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தாள். குச்சியை மெல்ல வளைத்தாள். போனில் சொன்னபோது பொய்யாக இருந்த நடுக்கம் இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. முனையை நூலால் கட்ட முடியாமல் இரண்டு முறை நழுவவிட்டாள். சண்முகவள்ளி தன் விரலை வைத்துப் பிடித்துக்கொள்ள, முடிச்சு விழுந்தது. மகளின் கையை எடுத்துக் காப்பைப் போட்டாள். பச்சைக் கசப்பு மணம் கார் முழுவதும் பரவியது.

தமிழ்மதி அந்தக் கையை வயிற்றின்மேல் வைத்தாள். தோலுக்குக் கீழே, ஏதோ தூர தேசத்து இருட்டில், ஒருத்தர் சிணுங்காமல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. நான் பேசிக்கொண்டிருந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. கேட்க வெட்கமாக இருந்தது.

கொடைரோடு சுங்கச்சாவடியில் கார் வேகம் குறைந்தது. அதுவரை முன்னால் சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த விக்னேஷ்குமார் திரும்பாமலே கேட்டான்.

"அசையுதா?"

தமிழ்மதி உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். ஆமா என்று சொன்னால் அவன் தோள்கள் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னும் இல்லைங்க" என்றாள்.